பூசலார் எடுத்த கோயிலும் நம் மாணாக்கர் வரையவேண்டிய கோயிலும்

சைவாசிரியர்களாகிய மெய்யன்பர்களே,

திருநின்றவூரிலே அவதரித்த பூசலார் நாயனாருடைய சரித்திரத்தை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். வகுப்பறையிலே மாணாக்கருக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியும் இருப்பீர்கள். சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விரும்பிய அவ்வந்தணர், எங்கெங்கோ சென்று பொருள் தேடியும் ஒன்றும் பெறாராகி, மனத்தினாலேயே கோயில் எடுக்கத் துணிந்தனர். அக்காலத்திலே காஞ்சிமாநகரத்திற் காடவர்கோமானும் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளியொன்று எடுத்து முடித்தான். பிரதிட்டைக்கு அவன் குறித்த நாளின் முதனாளிரவிலே பெருமான் கனவில் எழுந்தருளி, மறுநாள் தாம் பூசல் எடுத்த ஆலயத்திற் புகவிருத்தலின் அரசன் வேறொரு நாள் கொள்ளவேண்டும் எனத் திருவாய்மலர்ந்தருளினார். அரசன் திருநின்றவூருக்கு வந்து, அக்கோயில் எங்கே எனத் தேடிக் காணாமல், அடியவரைக் கண்டு, உண்மை உணர்ந்து, அவர் திருவடியிலே வீழ்ந்து வணங்கினான்.

இச்சரித்திரத்தைச் சொல்லும்பொழுது, கல்லினாலாய கோயிலினும் அன்பினாலாய கோயிலே பெரிது என்று முடித்துவிடுதல் நமது வழக்கம். அம்முடிபு பொய்யன்று. ஆயினும் சேக்கிழார் சுவாமிகள் சொல்லியதில் ஒரு பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். பூசலார் கண்ணை மூடி, "கோயில் ஒன்று உண்டாகுக" என்று எண்ணினாரல்லர். வேண்டிய உபகரணங்களையும் தச்சரையும் மனத்தினாலே தேடினார், நன்னாள் கொண்டார், ஆகமவிதிப்படி அடிநிலை இட்டார், இரவிலும் உறங்காராய், உபானம் முதலாக ஒவ்வொரு படையையும் உரிய வடிவுபெற வகுத்தார், சிகரத்தையும் தாம் கருதிய முழவளவினாலே முடித்தார், அதன்மேல் தூபி நட்டார், சுதைவேலை செய்வித்தார், கிணறு, மதில், திருக்குளம் என்பனவற்றையும் அமைத்தார். இவ்வளவும் நெடுநாட் சென்றன. காசு ஒன்றும் இல்லாத அடியவரிடத்தே அளவு இருந்தது. உறுப்புக்களின் பெயரும் முறையும் இருந்தன. பெருமான் விரும்பிப் புகுந்த மனக்கோயில் உபானம் முதல் தூபி ஈறாக ஓர் உறுப்பேனுங் குறையாத கோயில் என்பதே யாம் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் பொருள்.

இனி, நம்மை நாமே ஒன்று வினாவிக்கொள்வோம். நாள்தோறும் தொழும் நம்மூர்க் கோயிலை, கண்ணை மூடிக்கொண்டு, உபானம் முதல் தூபி ஈறாக மனத்திலே எழுப்ப நம்மில் எத்தனைபேர் வல்லோம்?

யாம் வல்லேமல்லேம். அதனை மறையாது கூறுதலே முறை. எமது இளமைக் கல்வி ஒரு மிஷன் பாடசாலையிலே நிகழ்ந்தது. அங்கே சித்திரம் கற்பித்த ஆசிரியர் மிக நல்லவர். அவர் கிரேக்கரது தூண்களை எம்மைக்கொண்டு வரைவித்தார். டொறிக், அயோனிக், கொறிந்தியன் என்னும் மூவகையையும், பீடம் முதல் தலையுறுப்பு வரை, பென்சிலும் கவராயமுங்கொண்டு பலநாள் வரைந்தோம். ஆடவன் பாதம் அவன் உயரத்தில் ஆறிலொன்றாதலைக் கண்டு, டொறிக் தூணின் உயரத்தை அதன் அடிப்பருமனில் ஆறு மடங்காகக் கொண்டனர் என்று உரோமாபுரிச் சிற்பாசிரியராகிய விட்ரூவியஸ் எழுதியதையும் அவரே சொல்லித்தந்தார். அக்கல்விக்கு யாம் இன்றும் நன்றியுடையேம். கையினால் வரைந்தமையாலன்றோ, இத்துணை ஆண்டு கழிந்தும் அத்தூண்கள் எம் மனத்திலே நிற்கின்றன!

ஆனால் அப்பாடசாலைக்குப் போகும் வழியிலே நாம் நாளும் கும்பிட்ட கோயிலின் தூணுக்கு உறுப்பு எத்தனை, அவற்றின் பெயர் யாவை என ஒருவரும் எம்மை வினாவியதில்லை, யாமும் வினாவியதில்லை.

அவ்வறியாமை ஒரு நாள் தீங்காய் முடிந்தது. சில ஆண்டுகளுக்குமுன், ஒரு கோயிலின் திருப்பணிச் சபையிலே யாமும் ஓர் அங்கத்தவராயிருந்தோம். அது முருகைக்கல்லும் சுண்ணச்சாந்துங் கொண்டு நம் முன்னோர் எடுத்த பழைய கோயில். அதன் அடித்தளத்தைச் சுற்றிப் பளபளப்பான தரையோடு பதிக்கவேண்டும் எனச் சபை தீர்மானித்தது. யாமும் கை உயர்த்தினோம். ஓடு பதிப்பதற்குச் சுவர் சமனாதல் வேண்டும். ஆகவே, முன்னே புடைத்து நின்ற பகுதிகளைக் கொத்தி எடுக்கத் தொடங்கினர். அவ்வேளையில், வேலைக்கு வந்த முதிய மேசனார் ஒருவர் உளியைக் கீழே வைத்து, எம்மை நோக்கி, "வாத்தியார் ஐயா, இந்த உருட்டை வெட்டத்தான் வேண்டுமோ?" என்று கேட்டார். சபையின் தீர்மானம் அது என்று விடையிறுத்தோம். அவர் மறுமொழி கூறாமல் உளியை எடுத்துக்கொண்டார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

அவர் உருட்டு என்றது குமுதம். அதன்மேல் வெட்டுண்டது கண்டம். அதற்கும் மேலே சிதைந்தது கபோதம். இப்பெயர்களை யாம் அறிந்தது அதன்பின்னரே. ஒரு சிற்பநூலின் படத்தைப் பார்த்து, அதிட்டானத்தின் வெட்டுருவை எமது கொப்பியிலே கையால் வரையத் தொடங்கிய அன்று, மூன்றாங் கோட்டுக்கு வந்தபொழுது எமது கை நின்றுவிட்டது. யாம் வெட்டுவித்தது எது என்பதை அப்பொழுதே கண்டோம்.

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டிலே திருக்கோணேச்சரத்தை இடித்ததையும், அவ்வாலயக் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குச் சென்றதையும் மேடைதோறுஞ் சொல்லி நாம் வருந்துகின்றோம். அது தக்கதே. அவர் நம் சமயத்தைப் பகைத்து இடித்தனர். நாமோ அன்பினாலே, நிதி திரட்டி, நன்னாள் பார்த்து, தேங்காய் உடைத்து இடிக்கின்றோம். இரண்டினாலும் அழிவது ஒன்றே. பகைவர் கையைத் தடுக்கும் வலி நமக்கு அன்று இல்லாதிருந்தது. நமது கையைத் தடுக்கும் அறிவையேனும் இன்று நாம் பெறலாமன்றோ?

அவ்வறிவு பெறும் வழி யாது? நூலை மாத்திரம் படித்தலோ? அது போதாமையை ஒருவர் வரலாறு காட்டும். தஞ்சாவூரிலே பிறந்து, ஆங்கிலமுங் கற்று, பெங்களூரிலே நீதிபதியாயிருந்தவர் ராம்ராஸ் என்பவர். அவர் மானசாரம் முதலிய சிற்பநூல்களின் ஏட்டுப்பிரதிகளைத் தேடி எடுத்தார். ஆயின் அவற்றிலுள்ள தொழிற்சொற்களுக்குப் பொருள் கேட்டபொழுது, வடமொழி வல்ல பண்டிதரும் தெளிவுபடச் சொல்லமாட்டாராயினர். சிற்பத்தொழிலிற் பழகிய கம்மாளர் ஒருவரே அவருக்குத் துணைநின்று பொருள் விளக்கினார். இலக்கணம் கற்றவர்க்கு மறைந்துநின்ற பொருள் கோடு கீறிப் பழகிய கைக்கு வெளிப்பட்டது. ராம்ராஸ் எழுதிய நூல், அவர் காலஞ்சென்றபின், 1834இல், 48 படங்களோடு இலண்டன் மாநகரிலே அச்சாயிற்று. அதிலே அவர் நமது தூண்களையும் கிரேக்க உரோமத் தூண்களையும் அளவினால் ஒப்புநோக்கினார். யாம் இளமையிலே ஒன்றைக் கற்று மற்றதை விட்டோம். அவரோ அதற்கு நெடுங்காலம் முன்னரே இரண்டனையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

பின்னர்ப் புதுச்சேரியிலே நம்மைப்போல ஆசிரியத்தொழில் புரிந்த பிரெஞ்சுக்காரராகிய ழுவோ துப்ரேய், கோயில் கோயிலாகச் சென்று உறுப்புக்களை வரைந்து ஆராய்ந்து, 1914இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். தூணின் மேலே உத்திரத்தைத் தாங்கும் போதிகை ஒன்றைக்கொண்டே ஒரு கட்டடத்தின் காலத்தை உணரலாம் என்பது அவர் காட்டிய முறை. பல்லவர் காலப் போதிகை வளைந்து அலைபோன்ற வரிகளுடையது. சோழர் காலத்தது கோணமாய் வெட்டப்பட்டு நடுவிலே முனையொன்று நீளப்பெற்றது. விசயநகரத்தார் காலத்திலே நுனி பூமொட்டாகித் தொங்கலாயிற்று. கல்வெட்டு இல்லாத கோயிலும் இங்ஙனம் தன் வயதைத் தானே கூறும். பிறநாட்டாசிரியர் ஒருவர் இவற்றை வரைந்து கற்றாராயின், கோயிலின் நிழலிலே வாழும் சைவாசிரியர் கற்றல் அரிதாமோ?

இனி, கற்கவேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுவோம். விமானத்துக்கு உறுப்பு ஆறு: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி. தாங்கும் தளம், சுவரும் காலும், கூரை, கழுத்து, தலை, முடி என்று எளிய தமிழிற் சொல்லலாம். பாதம், கண்டம் என்னும் பெயர்களை உற்றுநோக்குக. இவை உடம்பின் உறுப்புப் பெயர்களேயாம். கிரேக்கர் தூணிலே மனிதவடிவைக் கண்டனர். நம் முன்னோர் கோயில் முழுவதிலும் திருமேனியைக் கண்டனர். திருமூலநாயனார் உடம்பையே ஆலயமாகக் காட்டியருளியதும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

இவ்வாறனுள் அதிட்டானம் மீண்டும் பல படைகளாகப் பிரியும். கீழே உபானம், அதன்மேல் ஜகதி, அதன்மேல் குமுதம், இது வட்டமாகவோ பட்டையாகவோ அமையும், அதன்மேல் உள்வாங்கிய கண்டம், அதற்கும் மேலே பட்டிகையோ கபோதமோ வரும். தூணிலே, உடற்பகுதியாகிய காலின் மேல், கலசம், தாடி, கும்பம், இதழ், பலகை, வீரகண்டம், போதிகை என்பன முறையே நிற்கும். இவற்றை மனனஞ்செய்வித்தல் எளிது; மறத்தலும் எளிது. வரைந்தவனோ மறவான். குமுதத்தின் வளைவைக் கீறும் மாணாக்கன், காலைவெயில் அதன்மேல் மெல்லப் படிந்து, கீழே நிழலாய் ஒதுங்குதலைக் காண்கின்றான். கண்டம் ஏன் உள்வாங்கியது எனத் தானே வினாவுகின்றான். கனத்த கட்டடம் நிலத்திலே அழுந்திக் கிடவாமல், கோடு கோடாய் மேலெழுவதுபோலத் தோன்றுதற்கு அம்மேடுபள்ளங்களே காரணம் என்பது அவனுக்கு விளங்குகின்றது. அங்ஙனம் விளங்கியவன் அதன்மேல் ஓடு பதிக்கச் சம்மதியான்.

பாடசாலையிலே இதனைத் தொடங்கும் முறையையும் சொல்லுவோம். யாம் இரண்டாண்டாகச் செய்துபார்த்ததே இது.

முதலாவது, திசை அறிதல். முற்றத்தைச் சமமாக்கி, ஒரு முழக்கோலை நேரே நாட்டி, அக்கோலின் நீளத்தையே ஆரையாகக் கொண்டு சுற்றிலும் ஒரு வட்டங் கீறுக. முற்பகலிலே கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்திலும், பிற்பகலிலே மீண்டுந் தொடும் இடத்திலும் புள்ளியிடுக. அவ்விரு புள்ளிகளையும் இணைக்குங் கோடு கிழக்குமேற்காம். அவ்விரண்டையும் மையமாக வைத்துக் கயிற்றினால் வில் இரண்டு கீறினால், அவை வெட்டி மீன்வடிவு தோன்றும். அம்மீனின் தலையையும் வாலையும் இணைப்பது வடக்குத்தெற்காம். சங்குஸ்தாபனம் என ஆகமங்கூறும் கிரியை இதுவே. கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினுஞ் சிறந்த பாடம் ஏது?

இரண்டாவது, சதுரம் வகுத்தல். எட்டுக்கு எட்டாக 64 பதமும், ஒன்பதுக்கு ஒன்பதாக 81 பதமும் கீறி, நடுவிலே பிரமஸ்தானத்தைக் குறிக்கச் செய்க. மார்கழியிலே வாசலிற் புள்ளியிட்டுக் கோலமிடும் சிறுமியர் இதனை மற்றவரினும் விரைவிலே முடிப்பர். அவர்கள் கையிலே அக்கல்வி முன்னமே பாதி இருக்கின்றது.

மூன்றாவது, அளத்தல். எட்டு யவை ஓர் அங்குலம், பன்னிரண்டு அங்குலம் ஒரு சாண், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் என்னும் பழைய வாய்பாட்டைக் கற்பித்தபின், கோயிலதிகாரிகளிடம் அனுமதி பெற்று, வெளிமண்டபத்துத் தூண் ஒன்றினிடம் மாணாக்கரை அழைத்துச் செல்லுக. தூணின் அடியகலத்தை ஒரு கயிற்றால் அளந்து, அவ்வளவு உயரத்திலே எத்தனைமுறை அடங்குகின்றது என எண்ணச் செய்க. அடி, மீற்றர் என்னும் எண்களினும் இவ்விகிதமே சிற்பியின் உள்ளத்தை உணர்த்தும். திருமேனிகளையும் முகவளவாகிய தாலத்தைக்கொண்டே வகுத்தனர் என்பதையும், சிவபெருமானுக்குரிய உத்தம தசதாலம் 124 அங்குலக்கூறு என்பதையும் அப்பொழுது சொல்லலாம்.

நான்காவது, வரைதல். முதலிலே நடுக்கோடு, பின் உயரப்பிரிவுகள், அதன்பின்னரே வடிவம். கைத்தொலைபேசியினாற் படம்பிடித்தல் அன்று விலக்கப்படுக. படம்பிடித்தலை யாம் பழிக்கின்றேமல்லேம். இக்காலத்து ஸ்தபதியாரும் கணினியைக் கையாளுகின்றனர். ஆனால் கருவி ஒரு நொடியிலே எல்லாவற்றையும் கவர்ந்துகொள்ளுகின்றது. பிள்ளையிடத்தில் ஒன்றையும் வினாவுகின்றிலது. ஒரு போதிகையின் முன் அரைமணிநேரம் அமர்ந்திருக்கும் பிள்ளையோ, ஒவ்வொரு கோட்டிலும் இது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என ஆராயவேண்டியவனாகின்றான்.

"சிற்பம் ஸ்தபதியாருக்கு உரியது, நமக்கென்னை?" என்று சிலர் கேட்பர். யாப்பிலக்கணங் கற்பிப்பது எல்லாரையும் புலவராக்குதற்கன்று, பாட்டை உணர்தற்கேயாம். இதுவும் அவ்வாறே. மாமல்லபுரத்திலே 1957இல் அரசினர் சிற்பப்பயிற்சிக்கென ஒரு நிலையம் நிறுவினர். அங்கே ஆண்டுக்கணக்காகக் கையும் கண்ணும் பழகியே ஒருவர் அத்தொழிலுக்கு உரியராகின்றார். நாம் நான்கு தூண் வரைந்து அவர்க்கு மேலாசிரியராகப் புகுதல் பிழை. வரைந்து பார்த்தவனே அவர் தொழிலின் அருமையை அறிந்து வணங்குவான். தஞ்சைப் பெருவுடையார்கோயில் 1010இல் முற்றுப்பெற்றபொழுது, இராஜராஜசோழன் அதனை ஆக்கிய பெருந்தச்சனாகிய குஞ்சரமல்லனின் பெயரையும் அக்கோயிற் கல்லிலே பொறிப்பித்தான். நம் கோயிற் சுவர்களிலோ, ஓடு உபகரித்தவர் பெயர் இருக்கின்றது. தச்சர் பெயர் இல்லை.

"பரீட்சைக்கு உதவாதே; நேரமும் இல்லையே" என்பது மற்றொரு தடை. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டுப்பிரார்த்தனைக்குப்பின் ஒரு மணிநேரம் போதும். ஆண்டுதோறும் பொலன்னறுவைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லுகின்றோம். அங்கே சோழர் 11ஆம் நூற்றாண்டிற் கல்லால் எடுத்த வானவன்மாதேவியீச்சரம் இன்றும் நிற்கின்றது. இரண்டாஞ் சிவாலயம் என்று பலகையிலே எழுதப்பட்டிருப்பது அதுவே. பிள்ளைகள் அதன்முன் நின்று படம்பிடித்துக்கொண்டு பேருந்தேறுகின்றனர். இனிமேல் ஆளுக்கொரு பென்சிலும் தாளுங் கொடுத்து, அதன் அதிட்டானத்தை மாத்திரமேனும் வரையச் செய்யுங்கள். அந்த ஒரு தாளை அவர்கள் நெடுங்காலம் பேணுவர்.

நாவலர்பெருமான் மிஷன் பாடசாலையிலே கற்பிக்கும் முறையை நன்கு கண்டறிந்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அம்முறையை நம் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினார். கிரேக்கத்தூணை வரைவித்த அந்த நல்லாசிரியரின் முறையைக் கொண்டே, யாமும் நம் கோயில்தூணை வரைவிக்கின்றோம்.

இதனாலாய பயன் யாது? ஒன்று கூறுவோம். அண்மையிலே எமது ஊர்க் கோயிலுக்கு மின்கம்பி இழுக்க வந்தவர் ஒருவர், ஏணிமேலேறி, போதிகையிலே துளையிட முற்பட்டார். அங்கே பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஏழாந்தர மாணாக்கி ஒருத்தி எழுந்து சென்று, "அண்ணா, அது போதிகை, அதிலே துளையிடாதேயுங்கள்" என்றாள். அவர் நகைத்து, போதிகையென்றால் என்ன என்று கேட்டார். அவள் தனது கொப்பியை எடுத்துவந்து காட்டினாள். கம்பி வேறுவழியாகப் போயிற்று. மேசனார் எம்மிடம் வினாவிய அன்று, அக்கொப்பி எம்மிடம் இருந்திருப்பின்!

அன்பர்களே, சரியைத்தொண்டு கையினாலே செய்யப்படுவது. அலகிடுதலும், மெழுகுதலும், மாலைதொடுத்தலும் போல, கோயிலின் ஓர் உறுப்பை அன்போடு அளந்து வரைந்து உள்ளத்திலே பதித்துக்கொள்ளுதலும் கையினால் இயலுந் தொண்டென்றே யாம் கொள்ளுகின்றோம். பூசலார் கருவியும் தாளும் வேண்டாது மனத்திலே எழுப்பினார். அத்தகைய மனம் நமக்கில்லை. கையை முதலிலே பழக்கினால், கை கண்டதைக் கண் காணும். கண் கண்டதை மனம் வைத்துக்கொள்ளும். வருகின்ற வெள்ளிக்கிழமை ஒரு தூணிலே தொடங்குங்கள். நம் மாணாக்கர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் உபானம் முதல் தூபி ஈறாக ஒரு கோயில் நிற்குமாயின், புறத்திலே நிற்குங் கோயிலை ஒருவரும் அறியாமையால் வெட்டார். அவ்வுள்ளங்களிலே எழுந்தருளுதற்குப் பெருமானும் நாட்குறித்தருளுவர்.

சிவம்.